லோமே உடன்படிக்கை: மூலமும் ஓரக்குறிப்பும்

கவிதைக்கும் காவியத்துக்கும் திறனாய்வு எழுதுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். நாவலும் சிறுகதையும் பின்னாளில் அவ்வரிசையில் சேர்ந்துகொண்டன. ஆயின், போரை நிறுத்துவதற்கென்று எழுதப்பெறும் உடன்படிக்கைகளை ஒரு நூலைப்போல் எடுத்துவைத்துச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள்காண முற்படுவோர் அரியர். அவை வழக்கறிஞர்க்கும் அரசியலார்க்கும் உரியவை என ஒதுக்கிவிடுகிறோம். வெண்பாவில் ஒரு சீர் பிறழ்ந்தால் கெடுவது ஓசை மட்டுமே. உடன்படிக்கையில் ஒரு சொல் பிறழ்ந்தால் கெடுவன குடும்பங்கள். சேனாவரையர் ஓர் இடைச்சொல்லுக்குக் காட்டிய பொறுமையில் நூற்றில் ஒரு பங்கையேனும் இவ்வெழுத்துகளுக்கும் நாம் காட்டலாகாதா என்ற எண்ணத்திலேயே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

எடுத்துக்கொண்ட மூலம், மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய சியர்ரா லியோனின் உள்நாட்டுப் போரை முடிக்கவென டோகோ நாட்டின் தலைநகரான லோமேயில் 1999-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் கையொப்பமான உடன்படிக்கை. அதனோடு சேர்த்து வாசிக்கவேண்டியவை இன்னும் மூன்று: அவ்வுடன்படிக்கையைக் காக்கப் படை அனுப்பிய ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1270-ஆம் தீர்மானம், அப்படை அவமானப்பட்டபின் வெளிவந்த பிராஹிமி அறிக்கை, 2004-இல் அந்நாட்டின் உண்மை அறியும் ஆணையம் அளித்த அறிக்கை.

முதலில் நாட்டைப் பற்றிச் சிறிது. சியர்ரா லியோன் 1961-இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. மக்களிற் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். கிறிஸ்தவரும் கணிசமாக வாழ்கின்றனர். இரு சாராரும் ஒரே குடும்பத்திற் கலந்து வாழ்வதை அங்குச் சென்றோர் பலரும் வியந்து எழுதியுள்ளனர். ஆகவே இது சமயப் போர் அன்று என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ளவேண்டும். 1930-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மண்ணில் வைரம் கிடைத்து வருகிறது; ஆற்றுமணலைச் சலித்தே எடுத்துவிடலாம், சுரங்கம் வேண்டுவதில்லை. பை நிறைய மணலும் ஒரு சல்லடையும் உள்ளவன் செல்வனாகலாம் என்றால், துப்பாக்கி உள்ளவன் அவனுக்கும் மேலே செல்வனாகலாம் அன்றோ? 1991-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், அண்டை நாடாகிய லைபீரியாவிலிருந்து புரட்சி ஐக்கிய முன்னணி என்னும் கூட்டம் எல்லை கடந்து வந்தது. அதன் தலைவர் ஃபோடே சங்கோ, முன்னாளில் படையிற் சிறுபதவியில் இருந்தவர், பின்னர்ப் புகைப்படக்காரர். ஃபோடே என்பது அப்பகுதியில் மார்க்கம் கற்ற ஆலிமுக்கு வழங்கிவந்த பட்டப்பெயர். பெயருக்கும் செயலுக்கும் இத்துணைத் தூரம் இருப்பதை வேறெங்கும் காண்பது அரிது.

அக்கூட்டம் செய்த கொடுமைகளை விரிக்க மனம் இடந்தரவில்லை. குடும்பத்தார் கூடி வாசிக்கும் இதழில் அது வேண்டியதுமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. குடிமக்களின் கைகளை வெட்டினர். வாக்களிக்கும் கை, உழும் கை, பிள்ளையைத் தூக்கும் கை. பதினோராண்டுப் போரில் மாண்டோர் 50,000-க்குக் குறையார் என்பது பொதுவான கணக்கு. வீடிழந்து அலைந்தோர் 20 இலட்சம் பேர் வரை.

1996-இல் தேர்தல் நடந்து அஹ்மத் தேஜான் கப்பா குடியரசுத் தலைவரானார். அவர் ஐ.நா. சபையிற் பல்லாண்டு பணியாற்றியவர். அவ்வாண்டு நவம்பரிலேயே அபிஜானில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆறு மாதத்திற்குள் அரசு கவிழ்ந்து உடன்படிக்கையும் காற்றிற் பறந்தது. நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுப்படை 1998-இல் கப்பாவை மீண்டும் ஆட்சியில் அமர்த்தியது. சங்கோவுக்கு அவ்வாண்டு அக்டோபரில் ஃப்ரீடவுன் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஜனவரி 6-ஆம் நாள் கிளர்ச்சியாளர் தலைநகருக்குள்ளேயே புகுந்தனர். பல ஆயிரம் உயிர்கள் மடிந்த அந்த மூன்று வாரங்களுக்குப் பின்னர், சொந்தப் படை இல்லாத கப்பாவும், செலவும் உயிரிழப்பும் தாங்காது சலித்த நைஜீரியாவும் பேச்சுவார்த்தைக்கு இசைந்தனர். தூக்குக் கயிற்றுக்குக் காத்திருந்த கைதி லோமேக்கு விருந்தினராகச் சென்றார்.

இப்போது மூலத்திற்கு வருவோம்.

லோமே உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு சங்கோவுக்கு முழுமையான, நிபந்தனையற்ற மன்னிப்பை வழங்குகிறது. அவருடைய ஆட்கள் அனைவர்க்கும் அவ்வாறே. ஏழாம் பிரிவு கனிம வளங்களை நிர்வகிக்க ஓர் ஆணையத்தை அமைத்து, அதன் தலைமையைச் சங்கோவுக்கு அளிக்கிறது. துணைக் குடியரசுத் தலைவருக்குரிய தகுதியும் அவருக்கு உண்டு என்கிறது உடன்படிக்கை. வைரத்திற்காகப் போரிட்டவரிடமே வைரத்தை ஒப்படைத்தாயிற்று. திருடனிடம் சாவி கொடுத்தார்கள் என்று சுருங்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது; பலரும் அவ்வாறே எழுதினர். யான் அதனினும் நுட்பமான ஒரு குறையைச் சுட்ட விழைகிறேன்.

நம் ஃபிக்ஹு நூல்களில் ஸுல்ஹு என்று தனிப் பாடமே உண்டு. வழக்காடும் இருவர் சமாதானமாகப் போவதற்குரிய விதிகள் அதிற் கூறப்படும். பெரும்பாலும் சொத்து வழக்குகளைப் பற்றிய பாடம் அது. உயிர்ப்பழியை அப்படியே அதற்குள் அடக்க இயலாது என்பதை அறிவேன். இருந்தும் அங்குள்ள ஒரு பாகுபாடு இங்கே பெரிதும் பயன்படும். இக்ராரோடு செய்யும் ஸுல்ஹு ஒன்று. அதாவது, பிரதிவாதி தன்மீதுள்ள உரிமையை ஒப்புக்கொண்டு, பின்னர்ச் சமாதானத்துக்கு வருவது. இன்காரோடு செய்யும் ஸுல்ஹு மற்றொன்று. அவன் எதனையும் ஒப்புக்கொள்ளாமல் மறுத்துக்கொண்டே, தொல்லை தீர்ந்தாற் போதுமென்று சமாதானமாவது. இரண்டாவது வகையை ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹப் செல்லாது என்று தள்ளுகிறது. மாணவர்க்கு இப்பாடத்தைச் சொல்லும்போதெல்லாம் ஹனஃபிப் பிள்ளைகளும் ஷாஃபிஈப் பிள்ளைகளும் காரசாரமாக வாதிடுவார்கள். ஒரு சாரார்க்குச் சண்டை நிற்பது பெரிது. மறுசாரார்க்கு உரிமை வெளிப்படுவது பெரிது.

லோமே உடன்படிக்கை இன்காரின்மேல் எழுந்த ஸுல்ஹு. அதன் பிரிவுகளை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தாலும், இன்னார் இன்ன கொடுமையைச் செய்தார் என்ற ஒப்புதல் கிளர்ச்சியாளர் தரப்பில் ஒரு வரியிலும் இல்லை. மன்னிப்பு உண்டு, எதற்கு மன்னிப்பு என்பது இல்லை. மேலும், மன்னித்தவர் யார்? அரசு. கையிழந்தவர் யார்? உழவன், மீனவன், கடைத்தெருவில் நின்ற சிறுமி. பிறனுக்குரிய கடனைத் தள்ளுபடி செய்ய எனக்கு உரிமையில்லை என்பது அங்காடியில் அமர்ந்திருக்கும் எளிய வணிகனுக்கும் தெரியும். ஒன்பதாம் பிரிவை எழுதியோர் அதனை மறந்தனர். அல்லது, மறக்கவேண்டிய நெருக்கடியில் இருந்தனர்.

நெருக்கடி என்று சொல்வதை வாசக அன்பர்கள் இலேசாகக் கொள்ளவேண்டாம். தலைநகரிற் பிணங்கள் குவிந்த ஆறு மாதத்திற்குள் எழுதப்பட்ட எழுத்து இது. மன்னிப்பு இல்லையேல் கிளர்ச்சியாளர் காட்டைவிட்டு வரமாட்டார் என்று கப்பா கருதியதிற் பிழை காண்பது நமக்கு எளிது. நாம் ஃப்ரீடவுனில் இருந்ததில்லை. ஷாஃபிஈயாகிய யானும், அவ்விடத்தில் இருந்திருந்தால் ஹனஃபித் தீர்ப்பின் பக்கம் சாய்ந்திருக்கக் கூடும்.

எனினும் மூலத்தின் ஓரத்தில் ஒருவர் வேறுவிதமாக எழுதினார். அரபி நூல்களை ஓதியோர் மத்ன், ஷரஹ், ஹாஷியா என்னும் மூன்றையும் அறிவர். மத்ன் மூலம், ஷரஹ் அதன் உரை, ஹாஷியா பக்கத்தின் ஓரத்தில் நெருக்கியெழுதிய குறிப்பு. பல வேளைகளில் மூலம் சொல்லத் தயங்கியதை ஹாஷியாவே சொல்லிவிடும். லோமேயிலும் அது நிகழ்ந்தது. ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக வந்த உகாண்டா நாட்டவரான ஃபிரான்சிஸ் ஒகெலோ, தம் கையொப்பத்தோடு கைப்பட ஒரு குறிப்பைச் சேர்த்தார். ஒன்பதாம் பிரிவிலுள்ள மன்னிப்பு இனப்படுகொலை, மானிடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் முதலியவற்றைத் தழுவாது என ஐ.நா. கொள்கிறது என்பதே அதன் கருத்து. தலைமையகத்தின் கட்டளைப்படியே எழுதினார் எனினும், மை உலராத தாளின்மேல் அதை எழுதிய கை அவருடையது.

இச்சிறு குறிப்பைப் போற்றி எழுதாதவர் இல்லை. அது போற்றத்தக்கதே. 2000-ஆம் ஆண்டு ஜூனில் கப்பாவே நீதிமன்றம் வேண்டுமென ஐ.நா.வுக்கு எழுத, சியர்ரா லியோன் சிறப்பு நீதிமன்றம் 2002-இல் தோன்றியது. லோமே மன்னிப்பு தன் விசாரணைக்குத் தடையாகாது என்று 2004 மார்ச்சில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. லைபீரியத் தலைவராயிருந்த சார்லஸ் டெய்லர் 2012-இல் அதே நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு 50 ஆண்டுச் சிறை பெற்றார். ஹாஷியா மத்னை வென்றது எனலாம்.

ஆனால் திறனாய்வாளனுக்கு மறுபக்கமும் உண்டு. அதே உடன்படிக்கையில் ஐ.நா. சபை ஒழுக்கநெறிப் பிணையாளர்களுள் ஒன்றாகப் பெயரிடப்பட்டுள்ளது. பிணை நிற்பவன், தான் பிணை நிற்கும் பத்திரத்தின் ஓரத்தில், இதன் ஒரு பிரிவை யான் ஏற்கவில்லை என்று எழுதினால், அப்பத்திரத்தை நம்பித் துப்பாக்கியைக் கீழே வைக்கும் எளிய படையாள் எதனை நம்புவான்? அவன் மூலத்தை மட்டுமே கேட்டவன். ஓரக்குறிப்பை அவனுக்கு எவரும் வாசித்துக் காட்டவில்லை. இவ்வினாவை யானாகக் கிளப்பவில்லை. அந்நாட்டின் உண்மை அறியும் ஆணையமே தன் அறிக்கையில் இதனை எழுப்பி, அளித்த மன்னிப்பைப் பின்னர் மறுதலிப்பது, வருங்காலப் போர்களில் ஆயுதம் ஏந்துவோர் சமாதான வாக்குறுதிகளை நம்பாமற் போக வழிசெய்யும் என்று கவலை தெரிவித்தது. கொடுமைக்கு உள்ளானோரின் குரலைக் கேட்கவென்றே அமைந்த ஆணையம் இதனைச் சொல்லிற்று என்பது ஊன்றி நோக்கத்தக்கது. சிறப்பு நீதிமன்றம் குற்றஞ்சாட்டியது பெரும்பொறுப்பு உடையோர் எனக் கருதிய 13 பேர் மீது மட்டுமே என்பது இக்கவலையை ஓரளவு தணிக்கும். முற்றாகத் தணிக்காது.

இனி, படை அனுப்பிய எழுத்து. இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. தமிழில் அமைதிப்படை என்று கூறுகிறோம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்தியப் படை இருந்த காலத்திற்குப்பின், அச்சொல்லைக் கேட்டவுடன் தமிழ்ச்செவிகள் வேறொன்றை நினைத்துக்கொள்கின்றன, அப்படை ஐ.நா. அனுப்பியதன்று. அரபியில் இதற்கு ஹிப்ளுஸ் ஸலாம் என்பர். திருமறையை நெஞ்சில் தாங்கியவரை ஹாபிள் என்று அழைக்கிறோமே, அதே வேர்ச்சொல்தான். இருக்கும் ஒன்றைச் சிதையாமற் பேணுவதே ஹிப்ளு. இல்லாத ஒன்றை ஹிப்ளு செய்ய இயலாது. ஓதாத பாடத்தை எந்த ஹாபிள் ஒப்பிப்பார்? 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், அமைதி இருப்பதாக வைத்துக்கொண்டு அதனைப் பேண 6,000 பேரை அனுப்பத் தீர்மானித்தது பாதுகாப்பு மன்றம்.

அத்தீர்மானத்தில் ஒரு பத்தி வரலாற்றிற் புகழ்பெற்றது. ஐ.நா. படையொன்றுக்குக் குடிமக்களைக் காக்கும் பொறுப்பு வெளிப்படையாகத் தரப்பட்டது அதுவே முதன்முறை என்பர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயின் அப்பத்தியை நஹ்வு ஓதிய கண்ணோடு வாசிக்கும்போது மகிழ்ச்சி குறைந்துகொண்டே வருகிறது. படை இதனைச் செய்யலாம் என்கிறது. செய்தாகவேண்டும் என்று கூறவில்லை. ஜாயிஸுக்கும் வாஜிபுக்கும் உள்ள வேறுபாடு நம் வீட்டுச் சிறுவருக்கும் தெரியும். அடுத்து, தன் ஆற்றலுக்கு உட்பட்டு என்று ஒரு ஷர்த்து. தான் நிலைகொண்டுள்ள பகுதிகளில் என்று இன்னொன்று. ஆபத்து உடனடியானதாக இருக்கவேண்டும் என்று மூன்றாவது. அரசும் மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுப்படையும் தாங்கவேண்டிய பொறுப்பையும் மனத்திற்கொண்டு என்று நான்காவது. ஒரு தாய் தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஐ.நா. முகாமின் வாயிலுக்கு ஓடிவந்தால், காவலாளி இந்நான்கையும் எண்ணிப் பார்த்த பிறகே கதவைத் திறக்கக் கடவான் என்பதுபோல் அமைந்திருக்கிறது வாசகம். நான்காம் ஷர்த்தின் கதி என்னவாயிற்று என்பதையும் கேளுங்கள். அக்கூட்டுப்படை 2000 மே மாதத் தொடக்கத்தில் நாட்டைவிட்டே வெளியேறிவிட்டது. யாருடைய பொறுப்பை மனத்திற்கொள்ள வேண்டுமென்று எழுதினார்களோ, அவரே அங்கு இல்லை.

அந்த வாரத்திலேயே கிளர்ச்சியாளர் பாய்ந்தனர். ஐ.நா. படையினர் ஏறத்தாழ 500 பேர் பிணையாகப் பிடிபட்டனர். அவருட் பெரும்பாலோர் புதிதாக வந்திறங்கிய ஸாம்பியர். வைரப் பகுதிகளுக்குள் ஐ.நா. படை நுழைவதைச் சங்கோவின் ஆட்கள் விரும்பவில்லை என்பதே இதன் உட்பொருள் எனப் பலரும் கருதினர். பிரிட்டன் தன் படையைத் தனியே அனுப்பித் தலைநகரைக் காத்தது. மே 8-ஆம் நாள் சங்கோவின் வீட்டுமுன் கண்டனம் செய்யத் திரண்ட மக்கள்மீது சுட்டதில் 20 பேரளவில் மாண்டனர். சங்கோ தப்பியோடி, மே 17-இல் பிடிபட்டார். 2003-இல், தீர்ப்புக்கு முன்பே, காவலில் இறந்தார். பிணையாளிகள் விடுபடத் தூதுசென்றவர் யார் தெரியுமா? பின்னர் 50 ஆண்டுச் சிறை பெற்ற அதே சார்லஸ் டெய்லர்!

நம் நாட்டில் இப்போரைப் பற்றிப் பேசுவோர் பெரிதும் எடுத்துரைப்பது இதன்பின் நிகழ்ந்த ஒன்றை. கைலாஹுன் என்னும் கீழ்த்திசை ஊரில் கூர்க்காப் படைப்பிரிவைச் சேர்ந்த 222 இந்திய வீரரும் 11 படைப் பார்வையாளரும் இரண்டு மாதத்திற்கு மேல் முற்றுகையில் இருந்தனர். 2000 ஜூலை நடுவில், மழைக்காலத்தில், இந்தியத் தளபதி விஜய் ஜெட்லியின் தலைமையில் பல நாட்டுப் படைகளும் சேர்ந்து அவர்களை மீட்டன. அருஞ்செயல் அது, ஐயமில்லை. ஆனால் அதனைப் பற்றி நம்மிடையே வழங்கும் வீரக்கதைகளில் கைலாஹுன் மக்கள் எங்கே என்று தேடிப்பார்த்தேன். படை சென்றது, படை மீண்டது. முன்னும் பின்னும் அவ்வூரில் வாழ்ந்தவர் என்ன ஆனார் என்பது கதையில் இல்லை. பிறர் நாட்டுத் துயரம் நம் வீரத்திற்குத் திரைச்சீலையாகி விடுகிறது. சில மாதங்களில், தளபதிக்கும் நைஜீரிய அதிகாரிகளுக்கும் ஏற்பட்ட பிணக்கு வெளியாகி, இந்தியா தன் படையைத் திரும்பப் பெற்றது என்பதும் அக்கதைகளில் மெல்ல நழுவிவிடும்.

2000 ஆகஸ்டில் வெளிவந்த பிராஹிமி அறிக்கையை, இத்துறையில் யான் வாசித்த எழுத்துகளுள் நேர்மையானது என்பேன். குழுவின் தலைவர் லக்தர் பிராஹிமி, அல்ஜீரியாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர். நடுநிலை என்பதற்கு அவர் அளித்த விளக்கமே அறிக்கையின் உயிர். ஒரு தரப்பு வெளிப்படையாக உடன்படிக்கையை மீறி வரம்பு கடக்கும்போது, இரு தரப்பையும் ஒன்றுபோல் நடத்துவது நடுநிலையாகாது; தீமைக்குத் துணைபோவதாகிவிடும் என்கிறார். சமாதானத்தை மீறி வரம்பு கடந்த கூட்டத்தைப் பற்றி ஹுஜுராத் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனத்தை ஓதியோர்க்கு இக்கருத்துப் புதிதன்று. படைக்கு ஆள் உறுதியாகும் வரையில் தீர்மானத்தை வரைவாகவே வைத்திருங்கள் என்று பாதுகாப்பு மன்றத்துக்கும், மன்றம் கேட்க விரும்புவதைச் சொல்லாமல் அது தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லுங்கள் என்று ஐ.நா. செயலகத்துக்கும் அவர் இடித்துரைக்கிறார். இரண்டாவது அறிவுரை பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கும் பொருந்தும். அது வேறு கதை.

அதன்பின் நிலைமை மாறியது. படை 2001 மார்ச்சில் 17,500 பேராக உயர்த்தப்பட்டது. அந்நாளில் உலகிலேயே பெரிய ஐ.நா. படை அதுவே. பாகிஸ்தானியரும் வங்காளதேசத்தவரும் பெருந்தொகையினராய் வந்தனர். 70,000-க்கு மேற்பட்டோர் ஆயுதம் துறந்தனர். 2002 ஜனவரி 18-இல் போர் முடிந்ததென அறிவிக்கப்பட்டது. மே மாதம் தேர்தல் நடந்தது. 2005 டிசம்பரில் படை விடைபெற்றது. பிரிட்டனின் உறுதியும், கினியப் பக்கத்தில் கிளர்ச்சியாளர் பட்ட அடியும், ஐ.நா. படையின் பெருக்கமும் சேர்ந்து இதனைச் செய்தன. மீண்டும் உள்நாட்டுப் போர் மூளவில்லை என்பதை இப்பணியின் குறைகளைப் பட்டியலிடுவோர் அனைவரும் முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆயினும் சொல்லொன்று இங்கேயும் இடறுகிறது. அச்சொல் போராளி. ஆயுதக்களைவுத் திட்டத்தின் பயன், அதாவது சிறு பணமும் தொழிற்பயிற்சியும், போராளிக்கு உரியன. போராளி என்பவர் யார்? தொடக்கத்தில், துப்பாக்கியோடு வந்து, அதனைக் கழற்றி மீண்டும் பூட்டிக் காட்டுபவர். இவ்விலக்கணம் ஆண்பிள்ளைகளுக்கு ஓரளவு பொருந்திற்று. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் இவ்வழியில் மீண்டனர். கடத்திச் செல்லப்பட்ட பெண்பிள்ளைகளின் கதி வேறு. காட்டில் அவர்கள் சோறாக்கினர், சுமை தூக்கினர், மனைவி என்ற பெயரில் அடிமைகளாக வைக்கப்பட்டனர், குழந்தை பெற்றனர். துப்பாக்கி அவர்கள் கையில் இல்லை. இருந்தோரிடமிருந்தும் தலைவன் பறித்துத் தன் வேண்டியவனுக்குக் கொடுத்து வரிசையில் நிறுத்தினான். ஆகவே இலக்கணத்திற்குள் வந்த பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. இடுப்பிற் குழந்தையோடு அவர்கள் வரிசைக்கு வெளியே நின்றனர். இலக்கணம் வகுத்தவர் கொடியவர் அல்லர். விரைவாகத் துப்பாக்கியைச் சேகரிக்க விரும்பியவர். அவ்விருப்பம் சொல்லின் எல்லையை வகுத்தது. அந்த எல்லை ஆயிரக்கணக்கான பெண்களின் பிற்கால வாழ்வை வகுத்தது. பெண்மக்களைப் பெற்ற வீடுகளில் இப்பத்தியை இருமுறை வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2002-இல், கினி, லைபீரியா, சியர்ரா லியோன் ஆகிய நாடுகளின் முகாம்களிற் சில உதவிப் பணியாளரும் அமைதிப் படையினரும் சிறுமியரிடம் முறைகேடாக நடந்தனர் என்னும் அறிக்கை வெளிவந்து உலகத்தைத் தலைகுனியச் செய்ததையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். காக்க வந்த கையைப் பற்றியும் ஒரு பிரிவு எழுதப்பட்டிருக்கவேண்டும், எழுதப்படவில்லை.

இறுதியாக உண்மை அறியும் ஆணையத்தின் அறிக்கை. லோமேயில் விதைத்தவற்றுள் நல்ல விதை இது ஒன்றே. ஆயர் ஜோசப் ஹம்ப்பரின் தலைமையில் ஆணையம் ஊரூராகச் சென்று ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்களைப் பெற்றது. லோமே மூலத்தில் இல்லாதிருந்த இக்ரார், குறைவாகவேனும், இங்கே ஒலிக்கிறது. போருக்கு வேர் வைரம் என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்க, ஆணையம் அதனை மறுத்து, பல்லாண்டு ஊழலும், நீதியற்ற ஆட்சியும், இளைஞரைப் புறக்கணித்த சமுதாயமுமே வேர் என்றது. வைரம் எரிந்த தீக்கு நெய் வார்த்தது, அவ்வளவே. வெளியாரைக் குறைசொல்லித் தப்பிக்க வாய்ப்பிருந்தும் தன் வீட்டையே சுட்டிக்காட்டிய எழுத்து இது. அரசின் பக்கம் நின்று போரிட்டோர் செய்த கொடுமைகளையும் மறைக்கவில்லை.

அறிக்கை பல தொகுதிகள் கொண்டது. அயராமல் வாசிப்பது கடினம். ஆனால் அதற்கு ஒரு சிறுவர் பதிப்பும் உண்டு. யூனிசெஃப் துணையுடன், அந்நாட்டுச் சிறுவர்கள் தாமும் பங்குகொண்டு உருவாக்கியது. இத்தகைய ஆணையங்களின் வரலாற்றில் அதுவே முதல். ஆசிரியத் தொழிலில் முடி நரைத்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: நான்கு மூலங்களையும் அருகருகே வைத்தால், இச்சிறு நூலின் நடையே உயர்ந்தது. பெரியவர்களின் எழுத்தில் எங்கும் காணும் ஷர்த்துகள் இதில் இல்லை. நடந்தது இது, செய்தவர் இவர், இனிச் செய்யவேண்டுவது இது என்று நேராகச் செல்கிறது. சிறுவருக்காக எழுதும்போது மட்டும் பெரியவர்க்கு நேர்மை எங்கிருந்து வந்துவிடுகிறதோ!

ஆணையம் பரிந்துரைத்த நிவாரணம் நான்காண்டுகள் தாளிலேயே கிடந்தது. 2008-இல் ஐ.நா. அமைதிக்கட்டமைப்பு நிதியிலிருந்து 30 இலட்சம் டாலர் வந்தபின்னரே பதிவு தொடங்கிற்று. கையிழந்தோர், கணவரை இழந்தோர், முறைகேட்டுக்கு உள்ளான பெண்கள் எனப் பதிவு செய்துகொண்டோர் 30,000-க்கு மேல். முதற் தவணையாகப் பலர்க்குக் கிடைத்தது 100 டாலர் அளவு. அமைதிப் படைக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 280 கோடி டாலர்.